தோளில் ஒரு வார், உள்ளே ஒரு மடிக்கணினி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களிலிருந்து மேனிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் மடிக்கணினி எடுத்துச் செல்லும் மாணவர்களுக்கும், அவர்களுக்குப் பை வாங்கித் தரும் பெற்றோருக்கும்,

மெசஞ்சர் பை என்பது ஒற்றை வாரும் அகலமான மூடியும் கொண்ட தோள்பை. வார் ஒரு தோளில் ஏறி, மார்பைக் குறுக்காகக் கடந்து, எதிர்ப்பக்க இடுப்புக்கு இறங்கும். பை முதுகின் கீழ்ப்பகுதியிலோ இடுப்போரத்திலோ படியும். கடையில் ‘சைடு பேக்’ என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துப் போடுவார்கள். பெயர்தான் புதிது. தபால்காரரின் காக்கிப் பை, மாநகரப் பேருந்து நடத்துநரின் தோல் பை, இலக்கியக் கூட்டங்களில் தவறாமல் தென்படும் ஜோல்னாப் பை எல்லாம் இதே வகைதான். தோளிலிருந்து கழற்றாமலே உள்ளே கைவிட்டு வேண்டியதை எடுக்க முடியும் என்பதுதான் இவற்றின் பொதுப் பயன். நடத்துநர் நெரிசலுக்கு நடுவே நின்று சில்லறை எடுப்பது அப்படித்தான். இந்த வசதி ஒன்றுக்காகவே இரண்டாவது வார் கைவிடப்பட்டது. வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே: மாணவருக்கு அந்த வசதி நாளில் எத்தனை முறை தேவைப்படும்?

இன்றைய மெசஞ்சர் பையின் நேரடி முன்னோடி, 1950களில் அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பம் ஏறும் தொழிலாளர்களுக்காகக் கேன்வாஸ் துணியில் தைக்கப்பட்ட கருவிப் பை. நியூயார்க்கில் சைக்கிளில் கடிதமும் ஆவணமும் பட்டுவாடா செய்தவர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். 1983-இல் மன்ஹாட்டன் போர்ட்டேஜ், 1989-இல் சான்பிரான்சிஸ்கோவில் டிம்பக்2 என்று நிறுவனங்கள் கிளம்பியபின் அது தெருவிலிருந்து கல்லூரிக்குள் நுழைந்தது. சூரிச்சில் ஃப்ரைடாக் சகோதரர்கள் 1993-இல் பழைய லாரித் தார்ப்பாயை வெட்டிப் பையாகவும், கார் இருக்கைப் பட்டையை வாராகவும் மாற்றினார்கள். இந்த நிறுவனங்களின் பைகள் சைக்கிளில் குனிந்து செல்பவரின் முதுகுக்காக உருவானவை. குனிந்த முதுகில் பையின் கனத்தில் ஒரு பங்கை முதுகே தாங்கிக்கொள்ளும். நிமிர்ந்து நிற்பவருக்கு அவ்வளவும் ஒரு தோளில் தொங்கும். விளம்பரப் படங்களில் இந்த வேறுபாடு தெரிவதில்லை.

சைக்கிள் இந்த வட்டாரத்துக்கு அந்நியமானதல்ல. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஆலை அம்பத்தூரில்தான் வளர்ந்தது. தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கிவருகிறது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் அண்ணா பிறந்த நாளான 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்பத்தூரும் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேரும்வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஆக, பதினொன்றில் சைக்கிள், பன்னிரண்டில் மடிக்கணினி என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. மெசஞ்சர் பைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கணினி, முந்தைய ஆண்டின் புத்தகப் பையிலேயே, இரண்டு நோட்டுகளுக்கு நடுவில் செருகப்பட்டுப் பள்ளிக்குப் போனது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அரசு அறிவித்த பிறகு, பை பற்றிய கேள்வி மீண்டும் வீடுகளுக்கு வந்திருக்கிறது.

பையைத் தேர்ந்தெடுப்பது கடையில் தொடங்குவதில்லை, வீட்டுத் தராசில் தொடங்குகிறது. ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு அது தரும் அளவு 3.5 முதல் 5 கிலோ. இந்தப் பேச்சுக்குத் தமிழ்நாட்டோடு பழைய தொடர்பு உண்டு. சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், மாநிலங்களவை நியமன உறுப்பினராக 1989-இல் ஆற்றிய கன்னிப்பேச்சு முழுவதும் பள்ளிக் குழந்தைகள் சுமக்கும் பாரத்தைப் பற்றியது. அதன் தொடர்ச்சியாகவே பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு அமைந்து 1993-இல் அறிக்கை தந்தது. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றமும் பை எடையைக் குறைக்கும்படி உத்தரவிட்டது. அந்த விவாதங்களில் பேசப்பட்டது புத்தகச் சுமை. மடிக்கணினி வந்தபின் புத்தகம் குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குறையவில்லை, கணினி அதன்மேல் ஏறிக்கொண்டது.

கணக்கு எளிது. 15.6 அங்குலத் திரையுள்ள சாதாரணக் கணினி ஏறத்தாழ 1.7 கிலோ, சார்ஜர் 400 கிராம், பை 900 கிராம். உள்ளே வேறெதுவும் வைக்காமலே மூன்று கிலோ வந்துவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, இரண்டு நோட்டு சேர்ந்தால் ஐந்தரையைத் தொடும். ஐம்பது கிலோ எடையுள்ள மாணவிக்கு இது கொள்கை சொல்லும் வரம்புக்கு மேல். அந்த வரம்போ இரண்டு தோள்களிலும் சமமாகத் தொங்கும் பையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. சமமான, மெத்தை வைத்த இரண்டு வார்கள் வேண்டும் என்பதையும் அதே கொள்கை தனியாகவே சொல்கிறது. ஒற்றை வாரில் கனம் ஒரு பக்கம் இழுக்க, உடல் நிமிர்ந்து நிற்பதற்காக எதிர்ப்பக்கம் சாயும். கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசை இறுகியே இருக்கும். பத்து நிமிட நடைக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆவடியில் ஏறிச் சென்ட்ரல் வரை முக்கால் மணி நேரம் நின்றுகொண்டு போகிறவருக்கு வாரம் முழுவதும் அது வலியாகத் தங்கும்.

எனவே நடைமுறைக்கு ஓர் எல்லை: எல்லாம் சேர்ந்து மூன்று, மூன்றரை கிலோவுக்குள் அடங்கினால் மெசஞ்சர் பை சரி, தாண்டினால் முதுகுப்பைதான். 14 அங்குலக் கணினி 1.4 கிலோ, சிறிய சார்ஜர் 250 கிராம், இலேசான பை 700 கிராம், ஒரு நோட்டு, அரை லிட்டர் தண்ணீர் என்றால் இந்த எல்லைக்குள் நிற்கும். விளையாட்டுக்கென்று வாங்கும் கனத்த கணினிகள் இரண்டரை கிலோ வரும். அவற்றின் சார்ஜரே முக்கால் கிலோ. அவற்றுக்கு மெசஞ்சர் பை தேடுவது வீண். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இந்தப் பை வேண்டாம்: அவர்களிடம் புத்தகம் அதிகம், உடல் எடை குறைவு.

எடைக்கு அடுத்தது பயணம். மேற்குப் புறநகரில் அது மூன்று நான்கு விதம். பட்டாபிராமிலோ திருநின்றவூரிலோ மின்தொடர் வண்டி ஏறி வில்லிவாக்கம், பெரம்பூர் தாண்டிப் போகிறவர்கள். இந்துக் கல்லூரி நிலையத்தில் இறங்கி எதிர்த்திசைக் கூட்டத்தில் நடக்கிறவர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஓ.டி.யிலோ பேருந்து மாறுகிறவர்கள். பூந்தமல்லியைத் தாண்டி வரதராஜபுரம், தண்டலம் பக்கம் கல்லூரிப் பேருந்தில் உட்கார்ந்தே செல்பவர்கள். கல்லூரிப் பேருந்தில் பை மடியிலோ காலடியிலோ இருக்கும் என்பதால் எந்தப் பையும் ஒன்றுதான். காலை எட்டு மணி ரயிலில் நிலைமை வேறு. முதுகுப்பைக்காரர் அதைக் கழற்றி முன்னால் பிடிக்க வேண்டும், அல்லது பின்னால் நிற்பவரின் முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். மெசஞ்சர் பையை ஒரே தள்ளில் வயிற்றுப் பக்கம் கொண்டுவந்துவிடலாம். ஜிப்பும் கண்முன்னே இருக்கும். பயணத்தில் மெசஞ்சர் பை முதுகுப்பையை வெல்லும் இடம் இது ஒன்றே. நெரிசலில் பயணிப்பவருக்கு இது சிறிய லாபமல்ல.

பேருந்தில் இன்னொரு பழக்கம் உண்டு. நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். குறுக்காக மாட்டிய பையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் கழற்ற முடியும் என்றால், கம்பியைப் பிடித்தபடி அதைச் செய்வது வித்தை. அதனால் வாரின் நடுவில் அழுத்தினால் பிரியும் கிளிப் இருக்க வேண்டும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத இந்த ஒரு பொருள்தான் அந்தப் பையைப் பேருந்துக்கு ஏற்றதாக்குகிறது. கிளிப்பைப் பத்து முறை மாட்டிக் கழற்றிப் பார்ப்பது நல்லது. மலிவான பிளாஸ்டிக்கில் அதன் கொண்டிகள் முதல் வருடத்திலேயே முறியும்.

இருசக்கர வாகனத்தில் எச்சரிக்கை தேவை. பின்னிருக்கையில் ஒருபக்கமாக உட்காருபவரின் நீண்ட வார் சக்கரத்துக்கருகே தொங்கினால் ஆபத்து. வாரைச் சுருக்கி, பையை ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவே வைத்துக்கொள்வதே சரி. துப்பட்டா அணியும் மாணவிகளுக்கு வழுக்கும் நைலான் வார் தொல்லை: துப்பட்டாவை இழுத்துக்கொண்டே இருக்கும். தோள் பதியும் இடத்தில் ரப்பர் புள்ளிகளோ சொரசொரப்பான துணியோ உள்ள மெத்தை இதைத் தீர்க்கும். வாரின் அகலம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அகலம் பாதியானால் தோளில் அழுத்தம் இரட்டிப்பாகும். பை தொடையில் இடிக்கும் அளவுக்கு வாரை நீட்டி விடுவது ஒரு பாணியாக இருக்கிறது. அப்படித் தொங்கும் பை ஒவ்வொரு அடிக்கும் ஊசலாடும். இடுப்பெலும்புக்கு மேலே இறுகிப் படிந்த பை ஆடாது. வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றி மாட்டக்கூடியதா என்றும் பார்க்க வேண்டும். சில பைகளின் வார், மெத்தை எல்லாம் ஒரே தோளுக்கென்று வெட்டப்பட்டிருக்கும். மாற்றி மாட்ட இயலாத பை மாணவருக்கு உதவாது.

கணினிக்குப் பை பொருந்துமா என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அட்டையில் அச்சிட்டிருக்கும் அங்குலம் திரையின் மூலைவிட்டம். கணினியின் அகலமும் ஆழமும் அதிலிருந்து தெரியாது. 15.6 அங்குலத் திரையின் அகலம் மட்டும் 34.5 சென்டிமீட்டர், ஓரச் சட்டத்தோடு கணினி 36 வரை போகும். புதிதாக வரும் 16க்கு 10 விகிதத் திரைகளில் அகலம் குறைந்து ஆழம் கூடும். ஆகவே ஒரே ‘14 அங்குலம்’ என்ற இரண்டு கணினிகளில் ஒன்று பைக்குள் போகும், மற்றொன்றின் மேல் விளிம்பு ஜிப்பில் முட்டும். கணினியையே கடைக்கு எடுத்துப் போவது சிறந்தது. இல்லாவிட்டால் டேப் வைத்து மூன்று அளவுகளையும் குறித்துக்கொள்ளலாம். அறை ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் தளர்வாக இருந்தால் போதும். அதற்கு மேல் தளர்ந்தால் உள்ளேயே கணினி ஆடி மூலைகள் அடிபடும்.

அடிபடுவது பெரும்பாலும் அடிப்பக்கம். பையை வகுப்பறைத் தரையில் வைக்கும் அந்த ஒரு நொடியில், கணினியின் கீழ் விளிம்பு துணிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிமெண்டில் மோதுகிறது. நல்ல பையில் கணினி அறை அடித்துணி வரை இறங்காது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலேயே தொங்கும். கடையில் கையை உள்ளே விட்டுத் தடவினாலே தெரிந்துவிடும். மெத்தையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மறுபக்க விரல் எளிதாகத் தட்டுப்பட்டால் அது வெறும் ஸ்பாஞ்சு. ஆறு மாதத்தில் தட்டையாகிவிடும். அழுத்தத்தை எதிர்த்து உடனே எழும் அடர்ந்த ஃபோம்தான் கணினிக்குக் காவல்.

துணியைப் பற்றிக் கடைக்காரர் சொல்லும் எண் டெனியர். ஒன்பதாயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். 600 டெனியர் பாலியஸ்டர்தான் மலிவுப் பைகளில் மிகுதி. உயர்தரப் பைகளில் 1000 டெனியர் நைலான் வரும். ஒரே தடிமனில் பாலியஸ்டரைவிட நைலான் உராய்வைக் கூடுதலாகத் தாங்கும். வெயிலில் நிறம் மங்காமல் இருப்பதில் பாலியஸ்டர் மேல். எண் பெரிதாக இருப்பதாலேயே பை நல்லதாகிவிடாது. நெசவு தளர்வாக இருந்தால் 1000 டெனியரும் கிழியும். சென்னையின் புழுக்கத்தில் முதலில் சாவது துணியல்ல, அதன் உட்பூச்சு. தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே பூசும் பாலியூரித்தேன், ஈரக்காற்றோடு வினைபுரிந்து சில ஆண்டுகளில் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிரும். அலமாரியில் பூட்டி வைத்த பையும் இதற்குத் தப்பாது. ரெக்சின் பைகள் உரிவதும் பெரும்பாலும் இதனால்தான். தார்ப்பாய் வகைப் பி.வி.சி. பூச்சு இப்படி உதிராது, ஆனால் கனம்.

மழையில் மெசஞ்சர் பையின் மூடி உண்மையான பலம். முதுகுப்பையில் ஜிப் வானத்தைப் பார்த்திருக்கும். இங்கே அகன்ற மூடி அதன் மேல் கவிழ்ந்து, தண்ணீர் வழிந்தோடும். குறை, மூடியின் இரு ஓரங்களில் இருக்கும் இடைவெளி. அங்கே மடிந்து உட்செல்லும் துணிக் காதுகள் இல்லாவிட்டால் சாய்ந்து அடிக்கும் வடகிழக்குப் பருவமழை நேரே உள்ளே போகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூர், பட்டரவாக்கம் தெருக்களும் நீரில் நின்றதை இந்த வட்டாரம் மறந்திருக்காது. முழங்கால் நீரில் நடக்கும்போது இடுப்பில் தொங்கும் பைக்கு ஆபத்து மேலிருந்து மட்டும் வருவதில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, எந்த விலைப் பையாக இருந்தாலும், கணினியை வாய் மூடும் தடித்த பாலித்தீன் உறையில் போட்டு வைப்பதே உறுதியான வழி. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்ற சொல்லுக்குத் தூறலைத் தாங்கும் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. தண்ணீர் பாட்டிலும் சாம்பார் டப்பாவும் கணினி அறைக்குள் வரவே கூடாது. உள்ளே கொட்டும் சாம்பார், மழையைவிடக் கணினிக்குக் கேடு.

தையலும் ஜிப்பும் சுருக்கமாக முடிந்துவிடும். வார் பையோடு சேரும் இடத்தில் சதுரம் போட்டு நடுவே பெருக்கல் குறியாகத் தைத்திருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் அந்தப் பையை அங்கேயே வைத்துவிடலாம். ஜிப்பின் எண், மூடிய பற்களின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் சொல்கிறது. கணினி அறைக்கு 8 நல்லது, சிறு பைகளுக்கு 5 போதும். மூடிக்கு வெல்க்ரோ ஒட்டியிருந்தால் வகுப்பின் நடுவில் அதைப் பிரிக்கும் சத்தம் ஆசிரியரின் பார்வையைக் கொண்டுவரும். நூலகத்தில் இன்னும் மோசம். காந்தப் பொத்தானோ கிளிப்போ தொல்லையில்லாதவை.

விலையைப் பொறுத்தவரை பெயர்பெற்ற முத்திரைக்குத் தருவதில் ஒரு பகுதி முத்திரைக்கே போகிறது. மேலே சொன்ன அடித்தளம், ஃபோம், தையல், கிளிப் நான்கும் தேறினால் பாரிமுனை மொத்தக் கடைப் பையும் மூன்று ஆண்டுப் படிப்பைத் தாங்கும். தேறாவிட்டால் விலை உயர்ந்த பையும் தாங்காது. இணையத்தில் வாங்குபவர் இந்த நான்கில் ஒன்றையும் தொட்டுப் பார்க்க முடியாது. திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குவது நல்லது. வீட்டில் ஏற்கெனவே நல்ல முதுகுப்பை இருக்குமானால் புதிய பையே தேவையில்லை. கணினியின் அளவுக்குப் பொருந்தும் மெத்தை உறை ஒன்றை வாங்கி அதற்குள் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

வாங்கியபின் செய்ய வேண்டியவை சில. பையில் வைப்பதற்கு முன் கணினியை முழுமையாக அணைக்க வேண்டும். மூடியை மட்டும் மூடித் தூங்கவிட்டால், சில கணினிகள் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு சூடாகி, மின்கலத்தைத் தீர்த்துவிடும். சார்ஜரைக் கணினியின் மேல் மூடியில் அழுத்தும்படி வைக்கக் கூடாது; கூட்டத்தில் ஒரு தள்ளு தள்ளினால் திரையில் விரிசல் விழும். நனைந்த பையை அன்றே காலி செய்து, உள்புறத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும். வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சு கழன்றுவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஜிப் பிரிந்து மூடாமல் போனால் பெரும்பாலும் பல் போயிருக்காது, ரன்னர் தேய்ந்திருக்கும். பை தைக்கும் கடைகளிலும், சில இடங்களில் செருப்புத் தைப்பவரிடமும், புது ரன்னர் மாட்டிக்கொள்ளலாம். அதற்காகப் பையை மாற்ற வேண்டியதில்லை.